விமானத்தில் தொட்டில் இல்லை: ஏழு மாதப் பேத்தியோடு பெங்களூரிலிருந்து டெல்லிக்கு

2025 பிப்ரவரியில் என் மகளையும் ஏழு மாதப் பேத்தியையும் டெல்லியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. பிரசவத்துக்கு வந்தவளை எத்தனை மாதம்தான் வைத்துக்கொள்வது, ஏழாம் மாதம் அனுப்பிவிடலாம் என்று முடிவானது. ரயில் என்றால் பெங்களூரில் ஏறி இரண்டு இரவு. விமானம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு இரவு ரயிலில் போக மகளுக்கு மனமில்லை, எனக்கும் தைரியமில்லை. விமானம் என்று முடிவு செய்தோம். எனக்கும் அதுதான் முதல் முறை.

திரும்பி வந்ததிலிருந்து எங்கள் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியிலும் பாலக்கோட்டிலும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், குழந்தையோடு எப்படிப் போனீர்கள், சிரமமா, காது வலிக்குமா, தொட்டில் கொடுக்கிறார்களாமே என்று. எல்லோர் வீட்டிலும் இப்போது ஒரு பெண்ணோ பிள்ளையோ எங்கோ தூரத்தில் வேலையில் இருக்கிறார்கள். தாய்வீட்டுக்கு வந்து திரும்புகிற பெண்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். 1991-லிருந்து 2022 வரை அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் நான். குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். விமானத்தைப் பற்றி இந்த ஒரு பயணத்தில் தெரிந்துகொண்டதுதான்.

தொட்டில் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் எடுத்த அன்றே மகள் அந்த விமான நிறுவனத்துக்கு போன் செய்து விசாரித்தாள். குழந்தைத் தொட்டில் உண்டு மேடம், விமான நிலையத்துக் கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதை நம்பிப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, இந்த விமானத்தில் அந்த வசதியே கிடையாது என்றார். எங்கள் பக்கத்தில் கன்னடம் எல்லோருக்கும் கொஞ்சம் வரும், மகள் கன்னடத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினார். தொட்டிலை மாட்ட, முன்னால் இருக்கை இல்லாமல் தடுப்புச் சுவர் இருக்க வேண்டும், அந்தச் சுவரில் கொக்கி இருக்க வேண்டும். நடுவில் இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில்தான் அதெல்லாம் இருக்கும். நாங்கள் போனது இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஒரே நடைபாதை உள்ள விமானம். உள்நாட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். போனில் பதில் சொன்னவருக்கு நாங்கள் எந்த விமானத்தில் போகிறோம் என்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அந்த ஒரு நிமிடத்தை அவர் செலவழிக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். இருக்காது என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு ஏற்பாட்டோடு வந்திருப்போம்.

அதனால் டிக்கெட் எடுக்கும்போதே, எந்த விமானம், அதில் தொட்டில் மாட்டும் இடம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அந்த இருக்கையைப் பதிவு செய்து எழுத்தில் வாங்குங்கள். தொட்டிலுக்கு எடை வரம்பும் உண்டு, குழந்தையின் எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும். தொட்டில் கிடைத்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை மடியில்தான் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று பிறப்புச் சான்றிதழ். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது, மடியில் வைத்துக்கொள்வதற்குக் கட்டணம் மட்டும் உண்டு. எங்களிடம் ஆயிரத்தெழுநூற்றுச் சொச்சம் வாங்கினார்கள். இரண்டு வயது ஆகவில்லை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எங்கள் கையில் இருந்த சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லை. பிறந்ததும் பதிந்ததோடு சரி, பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்கவில்லை. டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, சான்றிதழில் அந்த இடம் காலி. பிறப்பைப் பதிந்த இடத்திலேயே போய்க் கேட்டோம். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பதினைந்து வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்றார்கள். நல்ல வேளையாக எங்களுக்கு ஏழு மாதம்தான். விமானம் ஏறுகிறீர்களோ இல்லையோ, இந்த வேலையை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று மருந்து. எங்கள் தெருவில் ஒரு அக்கா, "சளி மருந்து ஒரு மூடி ஊத்திவிடு, டெல்லி போற வரைக்கும் பாப்பா கண்ணையே திறக்காது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதைச் செய்யவே கூடாது. தூங்க வைப்பதற்காகக் கைக்குழந்தைக்கு மருந்து கொடுக்கும் பழக்கத்தை முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொன்னவள் நான். சில குழந்தைக்கு மூச்சு மந்தமாகும், சில குழந்தைக்குத் தூக்கத்துக்குப் பதிலாக எரிச்சலும் ஆர்ப்பாட்டமும் வரும். ஆகாயத்தில் போய் எது வந்தாலும் ஆஸ்பத்திரி கிடையாது. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மருந்துக்குப் பதிலாகக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். காதையும் மூக்கையும் பார்த்து, சளி இல்லை, தாராளமாகப் போங்கள் என்றார். மூக்கடைப்போ காதில் சீழோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லியிருப்பார்.

காலை 8.20-க்கு விமானம். இரவு இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போனோம். அந்த நேரத்தில் ரோட்டில் தக்காளி வண்டிகளும் நாங்களும்தான். விடிந்த பிறகு பெங்களூரில் சில்க் போர்டு பக்கம் போய் நெரிசலில் சிக்கினால் குழந்தை பாலுக்கு அழும், காரை ஓரங்கட்டக்கூட இடமிருக்காது. விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், பெங்களூருக்கு அந்தப் பக்கம் வடக்கே. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஊர் முழுவதையும் தாண்ட வேண்டும். பகலில் போனால் விமானத்தில் இருக்கும் நேரத்தைவிடக் காரில் இருக்கும் நேரம் அதிகம். பால் கொடுக்க ஒரு இடத்தில் நிறுத்தியும் ஐந்தேகாலுக்கு நிலையத்தில் இருந்தோம். அந்த ராத்திரிக் குளிரில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. இருட்டில் கிளம்பியது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

சேலம் விமான நிலையம் பக்கம்தானே என்று கேட்பீர்கள். தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூருக்குப் பக்கத்தில் கமலாபுரம், உண்மைதான். 2023 அக்டோபரிலிருந்து மறுபடியும் அங்கே விமானம் வந்து போகிறது. ஆனால் டெல்லிக்கு நேரே போக வழியில்லை, நடுவில் ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும். மாறினால் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை இறக்கம். குழந்தைக்குக் காது வலிப்பது இறங்கும்போதுதான். ஒரு தடவையோடு போகட்டும் என்று பெங்களூரைத் தேர்ந்தெடுத்தோம். சென்னை வரைக்கும்தான் போகிறீர்கள் என்றால் சேலம் உங்களுக்குச் சரி.

பெங்களூரில் இரண்டாம் முனையம். 2022 நவம்பரில் திறந்தது. கூரை முழுக்க மூங்கில், பார்த்த பக்கமெல்லாம் செடி. பேத்தி தலையை அண்ணாந்து மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தது. அது அழாமல் இருந்த அந்த அரை மணி நேரத்துக்கு அந்தக் கூரையைக் கட்டியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பால் கொடுக்கத் தனி அறை இருக்கிறது, சுத்தமாக இருந்தது, மகள் நிம்மதியாக உட்கார்ந்து கொடுத்தாள். பேருந்து நிலையத்தில் தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று பால் கொடுத்த காலம் என்னுடையது. அந்த அறையைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாதுகாப்புச் சோதனையை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. குழந்தையின் தள்ளுவண்டியை மடித்து எக்ஸ்ரே பெட்டியில் போடச் சொல்வார்கள், குழந்தையைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு வைத்திருக்கும் பால், வெந்நீர், கூழ் எதையும் பிடுங்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். பெண்களுக்குத் திரை போட்ட அறை. உள்ளே சி.ஐ.எஸ்.எஃப். பெண் காவலர் கைக்கருவியை மகள் மேல் ஓட்டிவிட்டுக் குழந்தையிடம் கொண்டுவந்தார். இடுப்புப் பக்கம் போனதும் கருவி கீச்சென்று கத்தியது. வெள்ளி அரைஞாண். காலுக்குப் போனதும் மறுபடி கத்தியது, கொலுசு. கையில் வசம்பு வளையல், அது கத்தவில்லை, ஆனால் அது என்ன என்று மோந்து பார்த்தார். அவர் மோந்து பார்த்ததைப் பார்த்துப் பேத்தி சிரித்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

என் பையில் ஒரு வெள்ளிப் பாலாடை இருந்தது. என் அம்மா எனக்கும், நான் என் மகளுக்கும் ஊட்டிய பாலாடை. எக்ஸ்ரேயில் அது என்னவாகத் தெரிந்ததோ, பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தி வராது. பாலாடையை எடுத்துக் குழந்தையின் வாயருகே சாய்த்துக் காட்டினேன். சரி சரி என்று கையசைத்து அனுப்பிவிட்டார்கள். இந்தப் பாலாடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விமானத்துக்குள் மகளுக்கு ஜன்னல், எனக்கு நடு இருக்கை, நடைபாதைப் பக்கம் காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பையன். அந்தப் பையனுக்கு முதலில் கொடுத்திருந்தது வேறு இடம். எங்கள் வரிசையில் இன்னொரு கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். உடனே பணிப்பெண் வந்து அவரை எழுப்பி வேறு வரிசைக்கு மாற்றினார். எனக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு குழந்தைகளும் ஒன்றாக இருந்தால் விளையாடுமே என்று நினைத்தேன். காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆபத்து நேரத்தில் மேலேயிருந்து பிராணவாயு முகமூடி விழும் அல்லவா, மூன்று இருக்கைக்கு நான்குதான் இருக்குமாம். ஒரு வரிசையில் ஒரு பக்கத்தில் ஒரு கைக்குழந்தைதான் உட்காரலாம். கைக்குழந்தை இருந்தால் அவசர வழி பக்கத்து இருக்கையும் தரமாட்டார்கள்.

முகமூடியைப் பற்றி இன்னொன்று. கிளம்பும் முன் கையை ஆட்டி ஆட்டி விளக்கும்போது, முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்கிறார்கள். மகள் தமிழில் சொன்னதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்தத் தாயாவது தான் மூச்சு விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்ப்பாளா? டெல்லியில் மாப்பிள்ளையிடம் இதைக் கேட்டேன். 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால், தாய்க்கு நிதானம் இருப்பது முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான் என்றார். குழந்தையோடு போராடிக்கொண்டிருக்கும்போதே தாய் மயங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு யார் மாட்டுவது? அப்போதுதான் ஏற்றுக்கொண்டேன். புது அம்மாக்கள் இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

குழந்தைக்கென்று ஒரு சின்ன பெல்ட் கொடுத்தார்கள். தாயின் பெல்ட்டில் ஒரு வளையமாகக் கோத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் போட வேண்டும். நாங்களாகக் கேட்ட பிறகுதான் கொண்டுவந்தார்கள், நீங்களும் கேட்டு வாங்குங்கள். ஏறும்போது மகள் பால் கொடுத்தாள். பால் குடித்துக்கொண்டே குழந்தை தூங்கிப்போனது. ஏறியதே அதற்குத் தெரியாது.

அப்புறம்தான் தொட்டில் இல்லாத குறை தெரிந்தது. ஏழு கிலோ இருநூறு கிராம் குழந்தையை அந்த இடுக்கில் எவ்வளவு நேரம் கையில் தாங்குவது? மகளுக்குக் கை மரத்துவிட்டது. நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு காலையும் நீட்டி, காலுக்கு நடுவே போட்டுக்கொள்வோமே, அந்த ஞாபகம் வந்தது. இங்கே காலை நீட்ட முடியாது. முன் இருக்கைக்கு அடியில் இருந்த பையை இழுத்து அதன் மேல் பாதங்களை வைத்தேன். முழங்கால் உயர்ந்தது. கொண்டுபோயிருந்த பழைய நூல் சேலையை நாலாக மடித்து, இரண்டு தொடைக்கும் நடுவே கொஞ்சம் குழிவாக விட்டு, ஓரத்தைத் தொடைக்கடியில் சொருகினேன். குழந்தையை அதில் படுக்க வைத்தேன். முகம் என்னைப் பார்த்தபடி, தலை முழங்கால் பக்கம் உயரமாக. குதிகாலை லேசாக ஏற்றி இறக்கினால் அது ஆடுகிறது. வீட்டில் விட்டத்தில் கட்டும் ஏணைக்கு ஈடாகாது, ஆனாலும் ஏணைதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் தூங்கியது. பெல்ட் விளக்கு எரியாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். நடுவில் ஒருமுறை விமானம் குலுங்கி விளக்கு எரிந்தது. உடனே எடுத்து மகளிடம் கொடுத்து, அந்தச் சின்ன பெல்ட்டைப் போட்டோம்.

அந்த ஒரு சேலை எத்தனைக்கு உதவியது! உள்ளே குளிரடித்தது, போர்வை கொடுக்கவில்லை, சேலைதான் போர்வை. மகள் பால் கொடுக்கும்போது அதுதான் மறைப்பு. துணி மாற்றும்போது விரிப்பு. கடையில் எத்தனையோ விலைக்கு எதையெதையோ விற்கிறார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு நூல் சேலையை எடுத்துப்போங்கள்.

கழிவறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் துணிதான் கட்டுவோம், பயணத்துக்கு டயப்பர். அதை மாற்றப் பின்னால் இருக்கும் ஒரு கழிவறையில் மட்டும் பலகை உண்டு. கழிவறைக் கோப்பைக்கு மேலே சுவரிலிருந்து இறங்குகிற பலகை, முழங்கை நீளம்தான். ஏழு மாதக் குழந்தை அதில் காலை உதைத்தால் சுவரில் இடிக்கும். எங்களுக்கு முன்னால் போனவர் ஈரத்தை அப்படியே விட்டிருந்தார், பலகை துடைக்கப்படவில்லை. மகள் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் துடைத்து, சேலையை விரித்து, உள்ளே ஒருவர்தான் நிற்க முடியும் என்பதால் நான் வெளியே நின்று கதவிடுக்கு வழியாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து... அந்த ஐந்து நிமிடம் இருவருக்கும் வியர்த்துவிட்டது. ஏறுவதற்கு முன் நிலையத்திலேயே மாற்றிவிட்டால் இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். மலம் போனால்தான் வேறு வழியில்லை. பணிப்பெண்கள் மேல் குறையில்லை, வெந்நீர் கேட்டபோது கொடுத்தார்கள். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள், அதனால் ஆற வைக்க ஒரு டம்ளர் கையில் வேண்டும்.

இனி காது. 35,000 அடியில் பறந்தாலும் விமானத்துக்குள் காற்றை அடைத்து, ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்களாம். ஊட்டி 7,350 அடி. அப்படியானால் பயணம் முழுக்க ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான் இங்கேயும். ஏறும்போது அவ்வளவு தெரியாது. இறங்கும்போது வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் திறந்தால்தான் சமமாகும். நாம் எச்சிலை விழுங்கித் திறந்துகொள்கிறோம். குழந்தைக்கு அந்தக் குழாயே மெல்லியது, விழுங்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. நாம்தான் விழுங்க வைக்க வேண்டும். பெங்களூரு நிலையம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டெல்லி 240 மீட்டர்கூட இல்லை. ஏறியதைவிட இறங்குவது அதிகம்.

நாங்கள் செய்த தவறு இங்கேதான். விமானம் இறங்கப் போகிறது என்று அறிவித்த பிறகு பால் கொடுக்கலாம் என்று இருந்தோம். ஆனால் விமானம் தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. இரைச்சல் குறைந்து விமானத்தின் மூக்கு லேசாகக் கீழே சாய்வது தெரியும். அப்போதே குழந்தையை எழுப்பியிருக்க வேண்டும். நன்றாகத் தூங்குகிறதே, எழுப்புவானேன் என்று விட்டுவிட்டோம். வலியிலேயே எழுந்தது. எழுந்ததும் வீறிட்டு, ஒரு கையை முறுக்கிக் காதின் மேல் வைத்துத் தேய்த்தது. மகள் மார்பில் வைத்தாள், வாயை எடுத்துவிட்டு அழுதது. அரை மணி நேரம் முன்புதான் வயிறு நிறையக் குடித்திருந்தது.

அப்போதுதான் பாலாடையை எடுத்தேன். ஆற வைத்த வெந்நீர் கால் பாலாடை. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். அழுகையின் நடுவே விழுங்கியது. இன்னொரு சொட்டு. விழுங்கும்போது ஒரு நொடி அழுகை நிற்கும், கண்ணை விரித்து என்னைப் பார்க்கும், மறுபடி அழும். மூச்சு வாங்கும்போது விடக்கூடாது, புரையேறும். அழுது முடித்து உதட்டை மூடும் நொடியைப் பார்த்து விட வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தை என்பதால் தண்ணீர் கொடுத்தேன். அதற்குச் சின்னது என்றால் தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துக்கொண்டு அதைத்தான் விட வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிடம் அழுதது. பிறகு என்னவோ திறந்துகொண்டது போல அழுகை அப்படியே நின்றது.

அந்தப் பதினோரு நிமிடமும் மகள் சுற்றியிருந்தவர்களிடம் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன் வரிசையில் ஒருவர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுக்கு கண்ணு மன்னிப்பு கேக்கற? குழந்தை அழத்தான் செய்யும்" என்றேன். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்ததே, ஏன் வந்தது? வேலையில் சேர்ந்த புதிதில் பிரசவம் ஆன வீடுகளை நோட்டில் குறித்துக்கொண்டு போவேன். பெண் குழந்தை என்றால் மறுநாளும் போவேன், மூன்றாம் நாளும் போவேன். திண்ணையில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்க வேண்டுமே என்று இருக்கும். கேட்டுவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன். பெண் குழந்தையின் அழுகைக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. மகளிடம் அத்தனையையும் அங்கே சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடைபாதைப் பக்கத்துப் பையன், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, தன் சாவிக்கொத்தைப் பேத்தியின் முன் ஆட்டினான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

இறங்கிய பிறகு இன்னொரு ஏமாற்றம். தள்ளுவண்டிக்குக் கட்டணம் வாங்கவில்லை, பெங்களூரில் விமான வாசல் வரை அதிலேயே தள்ளிக்கொண்டு போகவிட்டார்கள், அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, டெல்லியில் இறங்கும் வாசலிலேயே கையில் கொடுப்போம் என்றார்கள். டெல்லியில் வாசலில் நின்று கேட்டால், பெட்டிகளோடு பெல்ட்டில் வரும், அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். டெல்லி மூன்றாம் முனையத்தில் நடக்கும் தூரம் கொஞ்சநஞ்சமில்லை. நகரும் பாதை இருக்கிறது, இருந்தாலும் குழந்தையைத் தோளில் போட்டு, இரண்டு பையையும் மாட்டிக்கொண்டு நடந்தோம். பெட்டிகள் எல்லாம் வந்து, எல்லோரும் போன பிறகு கடைசியாக வண்டி வந்தது. மகள் ஆசையாக வாங்கிய வண்டி. அது பயன்பட்டது பெங்களூரு நிலையத்தில் ஒரு மணி நேரம் மட்டும். தனியாகக் குழந்தையோடு வருகிறவள் என்றால் இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். விமானத்திலிருந்து இறங்கும் முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லி, உதவிக்கு ஆள் கேட்டுவிடுவது நல்லது.

மதிப்பெண் போடச் சொன்னால் அந்த விமானத்துக்கு ஐந்துக்கு மூன்று. நேரத்துக்குப் போனது, பணிப்பெண்கள் நல்ல பிள்ளைகள். குறைத்த இரண்டில் ஒன்று தொட்டில் உண்டு என்று சொன்ன பொய்க்கு, இன்னொன்று வண்டிக்கும் துடைக்காத பலகைக்கும். பெங்களூரு முனையத்துக்கு முழு மதிப்பெண்ணும் கொடுப்பேன்.

சித்திரையில் மகள் ஊருக்கு வருகிறாள். அப்போது பேத்திக்கு ஒன்பது மாதம், தவழ்ந்துகொண்டிருக்கும், மடியில் நிற்காது. டெல்லியிலிருந்து கிளம்பும் முன் போனில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறேன். எந்த விமானம் என்று பார்த்து எடு. தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிடு. மூக்கு கீழே சாய்ந்ததும் பாப்பாவை எழுப்பு. பாலாடையை அங்கேயே விட்டுத்தான் வந்தேன், அதை மறக்காமல் கைப்பையில் வைக்கச் சொல்ல வேண்டும்.